வலது விலாவில் ஒரு கையகலம்

காலையில் கெய்ரோ வாள்வீச்சுப் போட்டியின் சோதனை மேசையில் இன்ஜியின் உலோக ஜாக்கெட் தேறவில்லை. அலெக்சாந்திரியாவின் கடல் காற்றும் வேர்வையும் சேர்ந்து அதன் வெள்ளி இழைகளை அரித்துவிட்டிருந்தன. வாள்முனை பட்டதும் மின்சாரம் ஓடினால்தான் அது ஜாக்கெட். ஓடாவிட்டால் வெறும் சட்டை. அவளிடம் வேறு கிடையாது.

"என்னோட பழசு இருக்கு, போட்டுக்கோ," என்று பையைத் திறந்தாள் ஷாஹிந்தா. "அதப் போட்டுக்கிட்டு என்னையே ஜெயிச்சே, வல்லாஹி, சத்தியமா கொன்னுடுவேன்."

"மொதல்ல நீ ஃபைனலுக்கு வா, பாக்கலாம்."

"வாயப் பாரு."

மேசைக்காரருக்கு என்ன அவசரமோ, முன்பக்கத்தை மட்டும் தடவிப் பார்த்து முத்திரை குத்திவிட்டார்.

பத்து வருடமாக அலெக்சாந்திரியாவில் ஒரே கிளப். அவரை மசியல் வைத்த ஃபூல் ரொட்டி ஒன்று வாங்கினால் இருவருக்கும் ஆளுக்குப் பாதி. ஆனால் உலக ஜூனியர் போட்டிக்குப் போகும் எகிப்து அணியில் மிச்சமிருந்தது ஒரே இடம். இந்த வருடத்தோடு இருவருக்கும் ஜூனியர் வயதும் முடிகிறது. விதி எவ்வளவு கேடுகெட்டதோ, கெய்ரோவில் அன்று மாலை இறுதிச் சுற்றில் அவர்கள் இருவரையுமே எதிரெதிரே நிறுத்தியது.

ஒன்பதுக்கு ஒன்பது. ஷாஹிந்தாவின் முனை இன்ஜியின் வலது விலாவில் இறங்கியது. வெள்ளை விளக்கு எரிந்தது. வெள்ளை என்றால் இலக்குக்கு வெளியே பட்டது, புள்ளி கிடையாது. கையில் பட்டிருக்கும் என்று இன்ஜி தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

பதினொன்றுக்குப் பதினொன்று. அதே இடம், எலும்பில் உறைத்தது. மறுபடியும் வெள்ளை.

இப்போது சந்தேகமே இல்லை. விலாவில் கையகலத்துக்கு இழை செத்துக் கிடந்தது. கையைத் தூக்கி, "ஜாக்கெட்ட சோதிச்சுப் பாருங்க" என்று நடுவரிடம் சொன்னால் போதும். ஒரு நிமிட வேலை. இன்ஜி கையைத் தூக்கவில்லை. ஷாஹிந்தாவே கேட்கட்டுமே என்று நினைத்தாள். அவளும் கேட்கவில்லை.

"இன்ஜி, என்ன தூங்குறியா? காலை நகத்து," என்று பின்னாலிருந்து அதட்டினார் பயிற்சியாளர், கேப்டன் ரிஃபாத்.

அவள் காலை நகர்த்தினாள். கூடவே முழங்கையையும் கொஞ்சம் உயர்த்தினாள். வலது விலா திறந்து கிடந்தது, வா வா என்று அழைப்பதுபோல. ஷாஹிந்தா வந்தாள், குத்தினாள். வெள்ளை. தூண்டிலில் மீன் சிக்கிவிட்டது என்று இன்ஜிக்கு உள்ளுக்குள் ஒரு கேவலமான குதூகலம்.

பதினாலுக்குப் பதினாலு. மறுபடியும் விலா, வாள் வில்லாக வளைந்தது, மறுபடியும் வெள்ளை. நடுவர் நின்ற இடத்திலிருந்தே மறுபடி தொடங்கச் சொன்னார். இன்ஜி பாய்ந்து நெஞ்சில் குத்தினாள். அவளுடைய பச்சை விளக்கு எரிந்தது, பதினைந்தாவது புள்ளி, வெற்றி.

வாளுயர்த்தி வணங்கினார்கள், கையுறையைக் கழற்றிய கையால் கை குலுக்கினார்கள். ஷாஹிந்தாவின் கை சில்லென்றிருந்தது. கேப்டன் ஓடிவந்து இன்ஜியைத் தூக்கிச் சுற்றினார். அவளுக்கு ஒரு துளிச் சந்தோஷம்கூட இல்லை.

உடை மாற்றும் அறையில் அவள் சட்டையைக் கழற்றியபோது விலாவில் சிவப்புத் தடங்கள் தெரிந்தன. ஷாஹிந்தா பெஞ்சில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலு," என்றாள்.

"ஷாஹிந்தா, நான்..."

"அது என் ஜாக்கெட்டுடீ. காலையில எனக்குத் தெரியாது, சத்தியமா. ரெண்டாவது வெள்ளையில தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் நடுவர்கிட்ட கேக்கல?"

"நீ சொல்லுவேன்னு நெனச்சேன்." ஷாஹிந்தா காலணிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே பேசினாள். "வேற எடமா இல்ல எனக்குக் குத்த? மூணாவதும் அங்கயே குத்துனேன், இப்பவாவது நீ வாயத் தொறப்பேன்னு. நாலாவதும் அதுக்குத்தான்."

இன்ஜி ஜாக்கெட்டை மடித்து நீட்டினாள். ஷாஹிந்தா வாங்கவில்லை. அலெக்சாந்திரியா ரயில் வந்ததும் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டாள்.