செண்பகனூர் வளைவில் நாற்பத்தொரு வண்டி

ஜஹீராவுக்குப் பத்து நாள் இன்டர்ன்ஷிப் கிடைத்த செய்தி, அவளுக்குத் தெரிந்த அரை மணி நேரத்தில் கொடைக்கானல் பஜார் முழுக்கத் தெரிந்துவிட்டது. அவள் அத்தா பிச்சை முகம்மது அங்கே ஸ்வெட்டர் கடை வைத்திருந்தார். மப்ளர் வாங்க வந்தவர்களிடம் விலை சொல்வதற்கு முன்னால் மகள் சங்கதியைச் சொன்னார்.

"சென்னையில பதினாலு மாடிங்க அந்தக் கம்பெனி. ரோடு, பாலம், ரயிலு, எல்லாத்துக்கும் அவங்கதான் பிளான் போடுறது. எம்மவள எடுத்திருக்காங்க."

எடுத்தது பத்தே நாளைக்குத்தான், அதுவும் சம்பளம் இல்லாமல் என்பதை அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஜஹீரா கல்லூரியில் புள்ளியியல் இரண்டாம் ஆண்டு. பதினாலு மாடியும் லிஃப்டும் சுழல் நாற்காலியும் அவள் கனவில் வந்து போயின. ஆனால் அந்தக் கம்பெனி, மலைச்சாலைப் போக்குவரத்தை ஆய்வு செய்வதற்காக ஏரிப் பக்கம் ஒரு பழைய பங்களாவை வாடகைக்குப் பிடித்திருந்தது. அங்கே லிஃப்ட் இல்லை, வழுக்கும் மரப்படிகள் இருந்தன. நாற்காலி சுழலவில்லை, ஆடியது. இருந்தாலும் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அடையாள அட்டை தந்தார்கள். முதல் நாள் சாயங்காலம் அதைக் கழற்ற மறந்தவள் போல வீடு வரைக்கும் மாட்டிக்கொண்டே நடந்தாள்.

குழுத் தலைவி ராஜகுமாரி மேடம் சென்னைக்காரர். இரண்டு ஸ்வெட்டர், அதன் மேல் ஒரு சால்வை, கையில் எப்போதும் ஆவி பறக்கும் டம்ளர். பேச்சும் வேகம், வேலையும் வேகம். முதல் இரண்டு நாள் ஜஹீராவைப் படிவங்களை நகல் எடுக்க வைத்தார். புதன்கிழமை கூப்பிட்டு, மினுங்கும் பட்டை போட்ட ஆரஞ்சு நிறக் கோட்டு ஒன்றை நீட்டினார்.

"நாளைக்கு நீ செண்பகனூர் வளைவுல உட்காரப் போற. காலைல எட்டுல இருந்து பன்னெண்டு வரைக்கும் போற வர்ற வண்டியை வகை பிரிச்சு எண்ணணும். கால் மணிக்கு ஒரு தடவை, வரிசையில நிக்கிற வண்டி எத்தனைன்னு தனியா குறிக்கணும். எண்ணுறது மட்டும்தான் உன் வேலை. எடத்தை விட்டு எழுந்திரிக்கவே கூடாது. மொத்த ஆய்வுக்கும் இதுதான் அஸ்திவாரம். புரியுதா?"

புரிந்தது. ஜஹீராவுக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் வெள்ளனே போய் வளைவில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கோட்டு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. எதிர்ப்பக்கம் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே சூசையம்மாள் சோளக்கதிர் சுடுவதற்காகக் கரி மூட்டிக்கொண்டிருந்தாள். முதல் அரை மணி நேரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு டவுன் பஸ் வந்தது. வளைவின் நட்ட நடுவில் நின்றது. டிரைவர் ஆரோக்கியதாஸ் தலையை வெளியே நீட்டினார்.

"ஏ, நீ பிச்சை பாய் மகதானே? பெரிய கம்பெனியில சேந்துட்டேன்னு உங்கத்தா சொன்னாரு. இங்கன ரோட்டோரத்துல உக்காந்து கெடக்க?"

"வேலைதான் மாமா. வண்டி எண்ணுறேன். நீங்க போங்க."

"எம்பஸ்ஸ எண்ணிட்டியா?"

"எண்ணிட்டேன்."

"சாப்டியா?"

"சாப்ட்டேன் மாமா. பின்னாடி வண்டி நிக்குது, போங்க!"

அவர் போயிருப்பார். ஆனால் மூன்றாவது ஜன்னலில் இருந்த அம்மாவுக்கு ஜஹீராவின் அம்மாவுடைய முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டியிருந்தது. பஸ் நகர்ந்தபோது பின்னால் ஒன்பது வண்டிகள் நின்றன. ஜஹீரா ஒன்பது என்று எழுதினாள்.

அடுத்து எதிர்த் திசையிலிருந்து கேரட் ஏற்றிய வண்டி. ஓட்டி வந்த செல்லப்பாண்டி என்ஜினையே அணைத்துவிட்டார்.

"பாப்பா, என் வண்டிய ரெண்டா போட்டுக்க. சாயங்காலமும் இந்த வழியாத்தான் திரும்புவேன்."

"நான் பன்னெண்டு மணி வரைக்கும்தாண்ணே இருப்பேன்."

"அதான் இப்பவே போட்டுருங்கிறேன்."

போட முடியாது என்று அவருக்கு விளக்கி அனுப்புவதற்குள் இரண்டு பக்கமும் ஹாரன் அலறியது.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது ஒன்பதரைக்கு வந்தது, கோயம்புத்தூர் பதிவெண் போட்ட ஒரு வெள்ளைக் காராக. ஆரஞ்சுக் கோட்டைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்து அவள் பக்கத்திலேயே ஒதுங்கியது. கண்ணாடி இறங்கியது. மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கான அனுமதிச் சீட்டைத் திரையில் காட்டி ஒரு கை போனை நீட்டியது.

"மேடம், இ-பாஸ்."

"நான் அதுக்கு இல்ல சார்."

"எல்லாம் ஒழுங்கா எடுத்திருக்கோம் மேடம். நல்லா பாத்துக்கங்க."

வெரசாக அனுப்பினால் போதும் என்று ஜஹீரா போனைப் பார்த்துத் தலையாட்டினாள். அதுதான் வினையாகப் போயிற்று. பின்னால் வந்த காரும் அந்தத் தலையாட்டலைப் பார்த்துவிட்டது. அதுவும் நின்றது. அதற்குப் பின்னால் வேன். வேனுக்குப் பின்னால் இன்னும் ஐந்து கார். தலையாட்டாமல் ஒருத்தரும் நகரவில்லை. எழுந்து ஓடிவிடலாம் என்றால் எழுந்திரிக்கக் கூடாது. வேனில் வந்தவர்கள் காத்திருந்து அலுத்துப்போய் இறங்கிச் சோளம் வாங்கினார்கள். ஒரு தாத்தா அவளுக்குச் சல்யூட் அடித்துவிட்டுப் போனார்.

பத்தேகாலுக்கு வரிசையை எண்ணினாள். நாற்பத்தொன்று. சந்தேகம் வந்து மறுபடியும் எண்ணினாள். நாற்பத்தொன்றேதான். அழகாக எழுதி வட்டம் போட்டாள்.

கிளம்பும்போது சூசையம்மாள் கூப்பிட்டு ஒரு கதிரைக் கையில் திணித்தாள். "இம்புட்டு ஏவாரம் நா கண்டதே இல்ல தாயி. நாளைக்கும் வருவியா?"

சாயங்காலம் தாளைப் பார்த்த ராஜகுமாரி மேடம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"நாப்பத்தொண்ணா?"

"ஆமா மேடம். ரெண்டு தடவை எண்ணினேன்."

"இந்த வளைவுல இப்படி ஒரு சிக்கல் இருக்குன்னு இதுவரைக்கும் யாருமே கண்டுபிடிக்கல!" என்று மேடம் கூவ, அறையில் இருந்த எட்டுப் பேரும் கை தட்டினார்கள். ஜஹீரா பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். கை தட்டிக்கொண்டிருக்கும்போது நடுவில் பேசுவது மரியாதை இல்லை என்று தோன்றியது. தட்டி முடித்த பிறகு அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். அவளும் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குச் சென்னையில் இருக்கும் இயக்குநர் ஜெயமுருகனோடு வீடியோ கூட்டம். அதற்கான தாள்களை அடுக்கி வைக்கும் வேலை ஜஹீராவுக்கு. முதல் பக்கத்திலேயே 'களத் தகவல்: ஜஹீரா' என்று அச்சாகியிருந்தது. அதைத் தடவிப் பார்த்துவிட்டு மேலே புரட்டினாள். ஐந்தாம் பக்கத்தில் பரிந்துரைகள். வளைவை அகலப்படுத்த வேண்டும். சாலையோரக் கடையை அகற்ற வேண்டும். பக்கத்திலேயே ஒரு புகைப்படம், அதில் ஒரு சிவப்பு வட்டம். வட்டத்துக்குள் சூசையம்மாள் அடுப்பை விசிறிக்கொண்டிருந்தாள்.

மதியம் கொண்டுவந்த எலுமிச்சைச் சோற்றைத் திறக்காமலே தள்ளி வைத்தாள். பேசாமல் இருந்துவிட்டால் இன்னும் ஐந்து நாளில் சான்றிதழ் கைக்கு வரும். சொன்னால், கை தட்டிய எட்டுப் பேரும் என்ன நினைப்பார்கள்? அத்தா பஜாரில் எப்படித் தலை காட்டுவார்? யோசித்துக்கொண்டே, வண்டி எண்ணி எழுதிய படிவத்தைப் பார்த்தாள். கடைசிக் கட்டத்தின் மேல் 'குறிப்பு' என்று இருந்தது. மேலிருந்து கீழ்வரை காலி. பேனாவை எடுத்தாள்.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அது மேடம் கையில் இருந்தது. படிக்கப் படிக்க மேடத்தின் முகத்தில் நிறம் மாறியது.

"இதை ஏன் நேத்தே சொல்லல?"

"எண்ணுறது மட்டும்தான் வேலைன்னு சொன்னீங்க மேடம். அப்புறம் கை தட்டுனீங்க."

மேடம் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "வா, நீயே படி," என்றார்.

திரையில் ஜெயமுருகன் சார் மூக்குக் கண்ணாடியோடு தோன்றினார். அறிக்கையில் ஒரு திருத்தம் இருப்பதாக மேடம் சொல்ல, ஜஹீரா படித்தாள்.

"எட்டு நாற்பது. டவுன் பஸ் நின்றது. காரணம், நான் சாப்பிட்டேனா என்று டிரைவர் கேட்டார். எட்டு நாற்பத்தைந்து. அதே பஸ். காரணம், எங்க அம்மாவின் முழங்கால் வலி பற்றிய விசாரிப்பு. ஒன்பது பத்து. கேரட் வண்டி. காரணம், இரண்டாக எண்ணச் சொல்லி வற்புறுத்தல். ஒன்பதரை முதல் பதினொன்று வரை சுற்றுலா வண்டிகள். காரணம், எனது தலையாட்டல்."

திரையில் அசைவே இல்லை. நெட்வொர்க் போய்விட்டது என்று நினைத்து ஒருவர் வயரை ஆட்டிப் பார்த்தார். அப்போதுதான் ஜெயமுருகன் சாரின் தோள்கள் குலுங்குவது தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப அந்த நெரிசலே நீதானாம்மா?"

"ஆமா சார்."

"முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். நெரிசல்கிட்டயே நேரா பேசுறது இதான் முதல் தடவை." சிரிப்பு அடங்கியதும் குரல் மாறியது. "ராஜகுமாரி, திங்கட்கிழமை மறுபடி எண்ணுங்க. இந்தப் பொண்ணே எண்ணட்டும். ஆனா யார் கண்ணுலயும் படக் கூடாது."

யார் கண்ணிலும் படாமல் அந்த வளைவில் உட்கார ஒரே இடம்தான் இருந்தது. சூசையம்மாளின் கடைக்குள், சோள மூட்டைகளுக்குப் பின்னால். கோட்டு இல்லாமல், முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டு ஜஹீரா உட்கார்ந்தாள். பக்கத்தில் ராஜகுமாரி மேடமும் குந்தியிருந்தார். டவுன் பஸ் வளைவில் திரும்பி விர்ரென்று போனது. கேரட் வண்டியும் போனது. ஆக அதிகமாக வரிசையில் நின்றது நாலே வண்டிதான். அதுவும் ஒரு காட்டுமாடு சாவகாசமாகச் சாலையைக் கடந்ததால். அது கடையை ஒரு முறை திரும்பிப் பார்த்தபோது மேடம் ஜஹீராவின் கையைப் பிடித்த பிடியில் வளையல் ஒன்று உடைந்தது.

பன்னிரண்டு மணிக்கு மேடம் மிளகாய்ப்பொடி தடவிய கதிரைக் கடித்து, உஸ் உஸ் என்று ஊதிக்கொண்டே உண்மையைச் சொல்லிவிட்டார். "போன வாரம் உங்க கடைய எடுக்கச் சொல்லி எழுதியிருந்தோம்மா. தப்புதான். இப்ப அந்த வரிய அடிச்சாச்சு."

சூசையம்மாள் விசிறியை நிறுத்தினாள். "அப்ப இப்ப எங்கடையப் பத்தி என்ன எழுதியிருக்கீங்க?"

"ஒண்ணுமே இல்ல. நீங்க பயப்படாதீங்க."

"ஒண்ணுமேயில்லையா?" அவள் முகம் சுருங்கிவிட்டது. "பதினேழு வருசமா இந்த வளைவுல கெடக்கேன். காட்டுமாட்ட எழுதிருக்கீங்க, கேரட்டு வண்டிய எழுதிருக்கீங்க. எனக்கு ஒரு வரி கெடையாதா?"

மேடம் ஜஹீராவைப் பார்த்தார். ஜஹீரா மடியில் இருந்த தாளை எடுத்து எழுதி, சத்தமாகப் படித்துக் காட்டினாள். "வளைவில் ஒரு சோளக்கடை உள்ளது. போக்குவரத்துக்கு இடையூறு இல்லை."

சூசையம்மாள் இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். தலையை ஒரு பக்கம் சாய்த்து யோசித்தாள்.

"சோளம் நல்லாருக்குமுன்னு சேத்துக்க தாயி."

"அதெல்லாம் அறிக்கையில எழுத முடியாதும்மா," என்றார் ராஜகுமாரி மேடம், அடுத்த கதிருக்குக் கையை நீட்டிக்கொண்டே.