பாம்புக்காதரின் இடது காது

பாம்புக்காதருக்கு இரண்டு காதும் முழுச் செவிடான மறுநாள் காலை, அவருடைய இடது காதிலிருந்து அவர் மனைவியின் குரல் வரத் தொடங்கியது. மனைவி இறந்து அப்போது பதினான்கு மாதம் ஆகியிருந்தது. "ஏங்க, குழாய் ஒழுகுது. ஆளை வரச் சொல்லுங்க" என்றது காது. எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த மகளுக்குக் கேட்டது, அவருக்குக் கேட்கவில்லை. அந்தக் குழாய் ஒழுகியது இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால்.

நீதிமன்ற விசாரணைப் பதிவுகளை இயர்போனில் கேட்டு வார்த்தை பிசகாமல் தட்டச்சு செய்வது அவர் வேலை. சாட்சி முணுமுணுத்ததையும் வக்கீல் விழுங்கியதையும் பிடித்துவிடுவார் என்பதால் அலுவலகத்தில் அந்தப் பெயர். அங்கே ஒரு விதி உண்டு: மூன்று முறை பின்னால் ஓட்டிக் கேட்டும் பிடிபடாத இடத்தில் ‘தெளிவில்லை’ என்று அடிக்க வேண்டும். நன்றாகக் கேட்டும் அடிக்கக் கை வராத இடங்களிலும் அவர் அதையே அடித்திருக்கிறார். பகலெல்லாம் ஒலியை முழுதாக ஏற்றிக் கேட்ட காதுகளுக்கு வீட்டிலாவது ஓய்வு கொடுத்தாரா என்றால், அதுதான் இல்லை. பாட்டு, செய்தி, ஊர் வம்பு என்று எதையாவது இயர்போனில் ஓடவிட்டுக்கொண்டே இருப்பார். மனைவி பேசுவாள், அவள் வாய் அசைவது நின்றதும் இவர் "உம்" கொட்டுவார். நல்ல பொருத்தம் என்று உறவில் பேசிக்கொண்டார்கள்.

முதலில் காதுக்குள் ரீங்காரம் வந்தது. ஒலியை இன்னும் ஏற்றி அதை அமுக்கினார். உள்காதில் இருக்கும் நுண்ணிய மயிரிழைகள் அழிந்தால் மறுபடி முளைக்காது என்று கடைசியில் டாக்டர் தாளில் எழுதிக் காட்டினார். குரலைப் பற்றி மகள் கேட்டபோது டாக்டர் இடது காதருகே குனிந்தார். "குடை எடுத்துக்கிட்டீங்களா?" என்றது காது. அதற்கு மருந்து கிடையாது என்று அவர் அடுத்த வரியில் எழுதினார்.

அந்த நாட்களில் இயர்போனை மீறி உள்ளே போகாத மனைவியின் பேச்சு மட்டுமே, சொன்ன வரிசையில், ஒவ்வொன்றும் ஒரே முறை வந்தது. மகள் தினமும் வேலை முடிந்து வந்து நாற்காலியை அவருக்கு இடப்பக்கம் போட்டுக்கொள்வாள். அவரோ அதை வலப்பக்கம் தள்ளிப் பார்ப்பார். மனைவியின் மார்பில் கட்டி இருந்தது முற்றிய பிறகுதான் தெரிந்தது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே!" என்று பிணத்தின் தலைமாட்டில் அத்தனை பேர் முன்னாலும் அழுதவர் அவர். மகள் அதை நம்பி, மறைத்துவிட்டாளே என்று அம்மாவின் மேல் இன்றுவரை கோபத்தை வைத்திருந்தாள். அவருக்கென்று மிஞ்சியது அந்த நம்பிக்கை ஒன்றுதான். காதில் பஞ்சை அடைத்துப் பார்த்தார். பஞ்சை மகளே எடுத்துவிட்டாள்.

"எந்த வருஷம் ஓடுது?" என்று அடிக்கடி கேட்பார். அவள் எழுதிக் காட்டுவாள். ஏழு மாதத்தில் கடைசி வருஷம் வந்துவிட்டது. ஒரு புதன்கிழமை சாயங்காலம் காது சொன்னது: "ஏங்க, மார்ல ஏதோ கட்டி மாதிரி தட்டுது. வலியெல்லாம் இல்ல. ஒரு தடவ காட்டிட்டு வந்துடலாமா?" பிறகு அதே காதிலிருந்து அவருடைய குரல் வந்தது: "உம்."

"என்னம்மா? என்ன சொல்றா?" என்று அவர் கேட்டார். அவள் தாளை இழுத்து ஒரே ஒரு சொல் எழுதி அவர் பக்கம் தள்ளினாள். தெளிவில்லை.

அவர் அதை இரண்டு தரம் படித்தார். அந்தச் சொல்லை எங்கெல்லாம் போடுவார்கள் என்று அவருக்குத் தெரியாதா?

மறுநாளும் மகள் வந்தாள், நாற்காலியை இடப்பக்கமே போட்டாள், அவர் முகத்தைப் பார்க்கவில்லை. காது பேசிக்கொண்டிருந்தது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "சும்மா இருங்கப்பா, அம்மா பேசறாங்க" என்றாள். அவள் வாய் அசைவது நின்றதும் அவர் "உம்" என்றார்.