இயக்குநர் முற்றத்துக் கொசு

மனித குலத்தின் நீண்ட வரலாற்றில் முதன்முறையாக, ஒரு கொசு மேடையேறித் தலைமை விருந்தினர் முன்னிலையில் அரைக்கப்பட இருப்பதைக் கொசு ஆய்வகம் பெருமிதத்துடன் அறிவித்தது. அரைத்த கொசுவில் டெங்குக் கிருமி இருக்கிறதா என்பதைப் புது இயந்திரம் எல்லோர் கண்ணெதிரேயும் சொல்லும். பந்தல், மாலை, ஒலிபெருக்கி எல்லாம் வந்துவிட்டன. கொசுதான் இல்லை.

ஆய்வகத்துக்கு இருந்த ஒரே கொசுப்பொறி இயக்குநர் அலுவலக முற்றத்தில் இருந்தது. இயக்குநருக்குக் கொசு ஆகாது என்பதால் அந்த முற்றத்தில் தினமும் புகை அடித்தார்கள். பொறியில் ஒன்றும் விழாததால் ஊரில் டெங்கு இல்லையென்று மாதாமாதம் மேலிடத்துக்குத் தகவல் போனது. கிருமியுள்ள கொசு பிடிபட்ட இடத்துக்குத்தான் புகை வண்டி போகும் என்பது விதி. பொறியில் விழாத கொசு கொசுவே அல்ல என்பது இன்னொரு விதி.

இந்த இரண்டு விதிகளுக்கும் நடுவில் சிக்கியிருந்தவர் கொசுக்காரர். ஆய்வகத்தில் கொசு அரைக்கிற வேலை. தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். அவர் மனைவி போன வருஷம் டெங்கு வந்து பிழைத்ததே மறுபிறவி. இன்னொரு தடவை வந்தால் முதல் தடவை மாதிரி விட்டுவிட்டுப் போகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து தன் தெருவுக்குப் புகை வண்டி கேட்டு அவர் நடையாய் நடந்தார்.

“ஆதாரம் இருக்கா?” என்பார் இயக்குநர்.

“பொறியை ஒரு வாரம் குடுங்க சார், ஆதாரம் காட்டுறேன்.”

“முற்றத்துப் பொறியை எடுத்தா முற்றத்துக் கொசுவை யார் பிடிக்கிறது?”

விழாவுக்கு முந்தின நாள் இயக்குநரே கூப்பிட்டனுப்பினார். குரலில் தேன் வடிந்தது.

“எங்கிருந்தாவது நாலு கொசு கொண்டாங்களேன்.”

“எங்க வீட்டுல இருக்கு சார். வேணுங்கிற மட்டும்.”

“பிரமாதம். ஆனா குழாய்ல ‘இயக்குநர் முற்றம்’னு எழுதி ஒட்டிடுங்க. அழைப்பிதழ்ல அப்படித்தான் அடிச்சாச்சு.”

“எங்க தெருவுக்கு வண்டி...”

“விழா முடியட்டும். முதல் வண்டி உங்களுக்குத்தான்.”

அன்று சாயங்காலம் கொசுக்காரர் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, வாயில் கொசு பிடிக்கும் உறிஞ்சுகுழாயோடு வீட்டுக்குள் உட்கார்ந்தார். தன் காலே தூண்டில். மனைவி எட்ட நின்று கைகாட்டினாள்.

“ஏங்க, இடது கால்ல ஒண்ணு.”

“அது ஆண் கொசு. கடிக்காது, நோயும் பரப்பாது. சோதனைக்கு லாயக்கில்ல.”

“ஆம்பளை லாயக்கில்லைன்னு கண்டுபிடிக்க அவ்வளவு பெரிய ஆபீசா? என்னைக் கேட்டிருந்தா வாசல்லயே சொல்லியிருப்பேனே.”

மறுநாள் கொசுக்காரர் மேடையில் பெண் கொசுக்களை மட்டும் குளிரவைத்து, குழாயிலிட்டு அரைத்து, சாற்றை இயந்திரத்துக்குள் வைத்தார். முடிவு வர நேரமாகும் என்று பயந்தார்கள். இயக்குநர் பேச எழுந்ததும் அந்தப் பயம் நீங்கியது. தன் முற்றத்தை அவர் புகழ்ந்து முடிப்பதற்குள் இன்னொரு தலைமுறைக் கொசு முட்டையிட்டுப் பொரித்திருக்கும்.

பெரிய திரையில் ஒரு கோடு மெல்ல நிமிர்ந்து மேலே ஏறியது. ஏறுகிற கோடு எதுவானாலும் வளர்ச்சிதான் என்று பழகியிருந்த தலைமை விருந்தினர் கை தட்டினார். பந்தலே தட்டியது.

கோடு ஏறினால் கிருமி இருக்கிறது என்று கொசுக்காரருக்குத் தெரியும். தட்டாதது அவர் ஒருவர்தான்.

“சார், கிருமி இருக்கு,” என்றார் இயக்குநரின் காதில்.

ஒரு கணம் இயக்குநரின் முகம் வெளுத்தது. அடுத்த கணம் ஒலிபெருக்கியைப் பிடித்தார். தன் சொந்த முற்றமென்றும் பாராமல் கிருமியைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்த ஆய்வகம் உலகில் வேறுண்டா என்று கேட்டார். இல்லையென்று பந்தல் மறுபடி தட்டியது. மாலை அவர் கழுத்தில் விழுந்தது.

கொசுக்காரர் மேடைக்குப் பின்னால் அவரை மறித்தார்.

“சார், அது எங்க வீட்டுக் கொசு. வண்டி அங்கதானே போகணும்.”

“குழாய்ல என்ன ஒட்டியிருக்கு?”

“முற்றம்னு.”

“யார் ஒட்டினது?”

“நான்தான்... நீங்க சொல்லி.”

“தலைமை விருந்தினரே கை தட்டின கொசுய்யா. இனிமே அதுக்கு விலாசம் மாத்த முடியுமா? இருக்கிற வண்டி அத்தனையும் முற்றத்துக்குத்தான். விதி.”

முற்றத்துக்குப் போகும் வழி கொசுக்காரரின் தெருதான். முதல் வண்டி நமக்கு என்று அவர் சொல்லியிருந்ததால், புகை உள்ளே நன்றாக வரட்டுமென்று மனைவி கதவு ஜன்னலெல்லாம் திறந்து வைத்துப் பாத்திரங்களை மூடியிருந்தாள். வண்டிகள் வரிசையாக வந்தன. புகை விடாமலே வரிசையாகப் போயின. கடைசி வண்டி ஓட்டுநர் மட்டும் தெரிந்தவர் என்பதால் கையாட்டினார்.

“நம்ம கொசுக்குக்கூட உங்க ஆபீஸ்ல செல்வாக்கு இருக்கு,” என்றாள் மனைவி, கணவர் படியேறி நடந்ததைச் சொன்னதும்.

கொசுக்காரர் ஜன்னல்களை மூடப் போனார். அதற்குள் ஒரு கொசு உள்ளே வந்து அவளைக் கடித்தது.