உட்கார்ந்திருந்தால் சம்மதம்

எங்கள் குப்பத்தில் ஊர்க்கூட்டம் என்றால் வீட்டுக்கு ஓர் ஆண் கோயிலுக்கு எதிரே மணலில் உட்கார வேண்டும். நாட்டாமைக்காரர் சங்கதியைச் சொல்லி மூன்று தடவை கேட்பார். ஒப்பாதவன் எழுந்து நிற்க வேண்டும். உட்கார்ந்திருந்தால் சம்மதம். ஒருத்தன் நின்றாலும் அது அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும். என் அப்பன் காலத்திலிருந்து இதுதான் வழக்கம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன வரப்போகிறது என்பது வெள்ளிக்கிழமையே என் காதுக்கு வந்துவிட்டது. கரையில் நடக்கும் மீன் ஏலத்தில் இனிமேல் நம் சாமியைக் கும்பிடுகிறவன் மட்டும்தான் விலை கேட்கலாம் என்று தீர்மானம். ஏலத்துக்கு வருகிற வியாபாரிகள் ஏழு பேர். அதில் வேறு சாமியைக் கும்பிடுகிறவர் ஜக்கரியா பாய் ஒருத்தர்தான். முப்பத்தொரு வருஷமாக எங்கள் கரையில் மீன் கூடை ஏலம் எடுக்கிறவர். அறுபது வயசை நெருங்குகிறவரை இனி எந்தக் கரைக்காரன் புதிதாகச் சேர்த்துக்கொள்வான்?

கிளப்பிவிட்டவன் யார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். கலைச்செல்வன் மேல்தான் முதல் சந்தேகம். காவித் துண்டும், பிள்ளையார் ஊர்வலமுமாகத் திரிகிறவன். போய்க் கேட்டேன். தான் இல்லை என்று சத்தியம் செய்தான். செய்துவிட்டுச் சிரித்தான்.

"நாங்க கேக்கவே வேணாம் பெரியப்பா. எல்லாக் கட்சிக்காரனும் அவனவனே கொண்டாறான்."

மற்ற இரண்டு கட்சிக் கிளைச் செயலாளர்களையும் தனித்தனியாகப் பார்த்தேன். ஊர் ஒற்றுமைக்குத்தானே, இதில் என்ன இருக்கிறது என்றான் ஒருவன். இன்னொருவனும் அதே வார்த்தைகளைத்தான் சொன்னான். இரண்டு வாயில் ஒரே பேச்சு வந்தால் மூன்றாவதாக எவனோ சொல்லிக்கொடுத்திருக்கிறான் என்றுதான் என் புத்தி போகும்.

சனிக்கிழமை பாலகுரு வீட்டுக்குப் போனேன். முதலியார்பேட்டை மில்லில் நானும் அவனும் ஒரே ஷிப்ட், ஒரே செங்கொடி. ஒரே நாளில் போலீஸ் தடியில் அடி வாங்கினவர்கள். தொண்ணூறுகளில் ஒருத்தன் இந்த மாதிரிப் பேச்சை எடுத்தபோது பாலகுரு அவனை டீக்கடை பெஞ்சில் உட்காரவே விடவில்லை. நாளைக்கு இவன் எழுந்தால் கூடவே நானும் எழுந்துவிடலாம் என்றுதான் போனேன்.

ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் காகிதத்தைத் தினசரிப் பேப்பருக்கு அடியில் தள்ளினான். இழுத்துப் பார்த்தேன். எனக்குப் படிப்பு கம்மி. ஆனால் மில் வாசல் தட்டிகளில் பார்த்துப் பழகின கையெழுத்து தெரியாதா? தீர்மானம்.

"நீயா?"

"கத்தாத. உள்ள மருமவ இருக்குது." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கலைச்செல்வன் ஆளுங்க கொண்டாந்தா பாய் கரைக்கே வரக்கூடாதும்பானுங்க. நான் ஏலத்தோட நிறுத்தியிருக்கேன்டா. ஏலம் எடுத்தவன்கிட்ட அவரு வாங்கிக்கட்டும்."

"அவனுங்கதான் கொண்டாரவே இல்லியே."

"கொண்டாருவானுங்க."

"ஒன்கிட்ட யாரு சொன்னா?"

பேனாவை மூடினான். இருந்த இடத்திலேயே இருந்தால் நமக்கு எவன் ஓட்டுப் போடுவான் என்றான்.

வரும் வழியெல்லாம் அதே யோசனை. கலைச்செல்வன் சொன்னது பொய் இல்லை. அவன் நின்ற இடத்தைவிட்டு அசையவே இல்லை. இவர்கள்தான் பயந்து பயந்து ஓர் அடி, ஓர் அடியாக அவன் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, அதற்கு நடு என்று பேர் வைத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாட்டாமைக்காரர் முதல் தடவை கேட்டார். எல்லோரும் அடுத்தவனைப் பார்த்தார்கள். இரண்டாவது தடவை கேட்டார். பாதிப் பேருக்கு மனசில்லை, எவனாவது எழட்டும் என்று காத்திருக்கிறான் என்று பட்டது. நானும் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன். மூன்றாவது தடவை, பக்கத்தில் இருந்தவன் தோளில் கையூன்றி எழுந்தேன்.

"பெரியப்பாவுக்குக் கால் மரத்துப்போச்சி. புடிச்சி உக்கார வைங்கடா" என்றான் கலைச்செல்வன். சிரிப்பு.

"காலு நல்லாதான் இருக்குது. எனக்குச் சம்மதம் இல்ல."

பாலகுரு தலையைத் தூக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

மறுநாள் காலையில் ஜக்கரியா பாய் ரோட்டிலேயே நின்றிருந்தார். மணலில் கால் வைக்கவில்லை. போய் விஷயத்தைச் சொன்னேன். நான் மற்றவர்களைச் சந்தேகமாகப் பார்ப்பேனே, அந்தப் பார்வையை அவர் என்மேல் வைத்தார்.

"எழுதுனது உங்க கூட்டாளியாமே பாவாடண்ணே. எழுதறப்ப நீங்களும் அங்க இருந்தீங்களாம்."

இருந்தேன் என்றுதான் சொல்ல முடிந்தது. ஏன் போனேன் என்று விளக்க வாயெடுத்தேன். அவர் கேட்கத் தயாராக இல்லை.

"அடுத்த கூட்டத்துலயும் நிப்பீங்களா?"

"நிப்பேன்."

"பாக்கலாம்."

மணலில் இறங்கிக் கூடைகளிடம் போனார். அவர் போய் நின்றதும் இரண்டு பக்கத்து வியாபாரிகளும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். ஏலக்காரன் விலை கூவ ஆரம்பித்தான். எனக்கு வாங்க ஒன்றும் இல்லை. ஆனாலும் போய் அவர் பக்கத்தில் காலியான இடத்தில் நின்றேன். பாய் கூடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.