துணைக்கு ஓர் ஆள்

மனிதர்களின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒற்றை விரலால் தீர்மானிப்பவர் லிஃப்ட்காரர். ஆனால் அந்தக் கட்டடத்துக்கு மாடி நான்குதான். நான்காவதில் தண்ணீர்த் தொட்டி மட்டும் இருந்தது.

அவர் கழுத்தில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி. எச்சில் விழுங்கினாலும் தொண்டை வலித்தது. குரலும் கம்மிவிட்டது.

"இது ஊர்ப்பட்ட பேருக்கு வர்ற வைரஸ்தான் ஐயா" என்றார் டாக்டரம்மா. "ஆம்பள பொம்பள உடம்பு நெருக்கத்துல ஒட்டும், பெரும்பாலும் தானா போயிடும். யாரோ சிலருக்கு வருஷக்கணக்கா தங்கி இப்படிப் புற்றாயிடுது. சீக்கிரம் ஆபரேஷன் பண்ணா குணமாக வாய்ப்பு நிறைய. பக்கத்துல நிக்கிறதால யாருக்கும் பரவாது. துணைக்கு ஒருத்தர் வேணும், அப்பதான் தேதி குடுப்பாங்க."

லீவு கேட்கப் போனவர் அதை அப்படியே மேனேஜரிடம் ஒப்பித்தார். மேனேஜர் காதில் 'வைரஸ்' மட்டும் விழுந்தது. மறுநாள் வாசலில் பலகை முளைத்தது: 'படி ஏறுவோம், இதயம் காப்போம்.' மேனேஜரே முதல் ஆளாக ஏறி, முதல் திருப்பத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றார். அதன்பிறகு லிஃப்ட்டில் ஏறியவை கோப்புக் கட்டுகளும் தண்ணீர்க் கேன்களும்தான்.

அன்று மேனேஜர் அறையில் எல்லாவற்றையும் கேட்டிருந்த கணக்குப் பிரிவு கிளார்க் படியில் நின்றபடி, கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு கேட்டார்.

"என்னண்ணே, அண்ணி போய் எத்தனை வருஷமாச்சு, இப்பப் போயி வைரஸா? பலே ஆளுதான் நீங்க!"

"அது எப்பவோ வந்து உக்காந்ததா இருக்கும்னாங்க சார். ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் கூட வர்றீங்களா?"

"உங்களுக்கு இல்லாததா? நாமெல்லாம் ஒரே குடும்பம்ண்ணே. இந்த ஆடிட் மட்டும் முடியட்டும்."

ஆடிட் இல்லாதவர்களுக்கு உடம்பு சரியில்லாத மாமியார் இருந்தார்.

ஆஸ்பத்திரி நர்ஸ் விடவில்லை. "உறவுக்காரங்க போன் நம்பராவது குடுங்க. பேசிட்டுத்தான் தேதி போடுவேன்." தன்னுடையதைத் தவிர அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே நம்பர். அதைச் சொன்னார். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் பேசுவதற்காக உள்ளே மாட்டியிருந்த தொலைபேசியின் நம்பர் அது.

இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே அது மணி அடித்தது. கூட மூன்று தண்ணீர்க் கேன்கள் இருந்தன.

"பேஷண்ட்டுக்கு நீங்க என்ன வேணும்?"

"தம்பி."

"வியாழக்கிழமை காலையில அண்ணனைக் கூட்டிட்டு வந்துடுங்க. நீங்க கூடவே இருக்கணும். ஆமா, உங்க தொண்டையும் சரியில்லை போலிருக்கே? அப்படியே காட்டிடுங்க."

"ஆகட்டும்மா."

அவர் வீட்டுக்கு ஒரே பிள்ளை.