பதினேழாம் எண் வயல்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று ஆய்வகத்தில் எல்லோரும் சொல்வார்கள். இருக்கட்டும். கோபப்படாமல் அந்த இடத்தில் ஒரு பெண் வேலை பார்க்க முடிந்திருக்குமா என்று அவர்களே யோசித்துப் பார்க்கட்டும். மற்றவர்கள் மேல் நான் பாய்ந்த நாட்களெல்லாம் எனக்கே மறந்துவிட்டன. என் மேலேயே பாய்ந்த நாள் மட்டும் மறக்கவில்லை. அது எழுபத்தொன்றாம் வருஷம், ஆவணி மாதம்.

அன்று காலையில் தஞ்சாவூரில் எங்கள் மண் ஆய்வகத்துக்குக் கண்ணுசாமி வந்திருந்தார். திருவிடைமருதூரிலிருந்து மூன்று மைல் உள்ளே போனால் வடகுடி. அந்த ஊர்க்காரர். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் நாங்கள் அங்கே ஆய்வு செய்தபோது மண் தோண்டிக் கொடுத்தவர். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். வாசற்படியைத் தாண்டி வந்தார், உட்காரவில்லை.

விஷயம் இதுதான். குத்தகைக்குப் பயிர் வைக்கிறவர்களின் பெயரை எழுதிப் பதிவு செய்ய அரசாங்கம் சட்டம் போட்டிருந்தது. பெயர் ஏறிவிட்டால் நினைத்த நேரத்தில் யாரும் வயலை விட்டு இறக்க முடியாது. கண்ணுசாமியும் மனுக் கொடுத்திருந்தார். நிலத்துக்காரர் கல்யாணம், தனக்குக் குத்தகைதாரரே கிடையாது, எல்லாம் சொந்தச் சாகுபடி, கண்ணுசாமி பண்ணையில் கூலிக்கு வேலை செய்கிறவர் என்று பதில் எழுதிவிட்டார். குத்தகை வாய்ப்பேச்சு. துண்டுச் சீட்டு கிடையாது. கல்யாணத்திடமோ அச்சடித்த சாட்சி ஒன்று இருந்தது. எங்கள் ஆய்வறிக்கை.

"உங்க புஸ்தகத்துல ஐயாதான் பயிர் வைக்கிறதா போட்டிருக்காம்மா. பன்னெண்டு வருஷமா நாங்க வச்சது பொய்யாயிடுமாங்க?" என்று கேட்டார். பத்து நாளில் விசாரணை. அதில் தோற்றால் அந்த சம்பாவுக்கே வயலில் கால் வைக்க முடியாது என்றார்.

அறிக்கையை எடுத்துப் புரட்டினேன். பின்னிணைப்பு, பதினேழாம் எண் வயல். சாகுபடியாளர் பெயர், கல்யாணம். அந்தப் பெயரை எழுதினது வேறு யாருமில்லை, நான்தான்.

அந்த ஆய்வு எங்களுக்கெல்லாம் பெரிய பெருமை. மண், பூச்சி, நீர், பொருளாதாரம், புள்ளியியல், மருத்துவம் என்று ஆறு துறை ஆட்கள் ஒரே ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போவோம். அறுபத்திரண்டு வயல்களைத் தேர்ந்தெடுத்து, மண்ணில் என்ன இருக்கிறது, பயிரில் என்ன விழுகிறது, அதில் நின்று வேலை செய்கிறவர் உடம்பில் என்ன இருக்கிறது என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது நோக்கம். அப்படி யாரும் அதுவரை இந்தப் பக்கத்தில் பார்த்ததில்லை என்று எங்களுக்குள் மார்தட்டிக்கொண்டோம்.

மண் எடுக்கிற வேலை என்னுடையது. வேலை என்று சொல்லிக்கொண்டேனே தவிர, ஒன்பது இடத்தில் மண்வெட்டியால் வெட்டி, சாக்கில் கொட்டிக் கலந்து, நாலாகப் பிரித்துக் கழித்து, கடைசி அரைக்கிலோவைத் துணிப்பையில் போட்டுக் கட்டியதெல்லாம் கண்ணுசாமி. நான் வரப்பில் குடையோடு நின்று சீட்டு எழுதினேன். சீட்டில் அச்சடித்திருந்தது 'சாகுபடியாளர் பெயர்' என்று. நான் வாயால் கேட்டதோ "இது யார் வயல்?" என்று. பத்தடி தள்ளி மிராசுதாரின் காரியக்காரர் நிற்கிறார். கண்ணுசாமி வேறென்ன சொல்வார்? "ஐயா வயலுங்க" என்றார். நான் கல்யாணம் என்று எழுதிப் பையில் போட்டேன்.

முழங்கால் மட்டும் சேறோடு ஒரு மனிதர் என் எதிரில் நிற்கிறார், பயிர் வைக்கிறவர் யாரென்று எனக்குத் தெரியவில்லையாம்! என் அப்பா நிலத்தையெல்லாம் விற்றுவிட்டுப் பள்ளிக்கூட வாத்தியாராகி இருபது வருஷமாகியிருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் எந்த வயலுக்கும் அதை உழுதவர் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. நிலம் போயிற்று, அந்தப் பேச்சு போகவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆய்வுக் குழுவின் தலைவர் பஞ்சநதம் சாரிடம் போனேன். திருத்தம் எழுதித் தர வேண்டும் என்றேன். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். ஒரு கட்டத்தில் உள்ள பெயர் தப்பென்று நாமே சொன்னால், பக்கத்துக் கட்டத்தில் உள்ள உப்பு அளவை மட்டும் யார் நம்புவார்கள் என்று கேட்டார். மூன்று வருஷ உழைப்பு, ஆறு பேருடைய பெயர், அடுத்த ஆய்வுக்கான அனுமதி எல்லாம் கவிழ்ந்துவிடும் என்றார். கீழத் தஞ்சையில் கூலிக்காரர்களைக் குடிசையோடு எரித்த கொடுமை இன்னும் ஆறவில்லை, மிராசுதாருக்கு ஒன்று, கூலிக்காரருக்கு ஒன்று என்று தெருவுக்குத் தெரு இரண்டு கொடி பறக்கிறது, இந்த நேரத்தில் நாம் போய் ஒரு பக்கம் நிற்கலாமா என்றும் கேட்டார். ஏற்கெனவே ஒரு பக்கம்தான் நிற்கிறோம் சார் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று.

புள்ளியியல்காரர் அஹமது கபீர் அதுவரை மூலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அதிகம் பேசாதவர். அறிக்கையை வாங்கிப் பின்னிணைப்பை விரலால் ஓட்டினார். அறுபத்திரண்டு வயலுக்கும் மொத்தம் ஐந்தே பெயர்தான் இருக்கிறது, ஐந்து பேரா இத்தனை வயலையும் உழுகிறார்கள் என்று மெதுவாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "தப்பு எல்லாப் பக்கமும் விழுந்தா அது வெறும் தப்பு சார். ஒரே பக்கமா விழுந்தா, நாமதான் தள்ளி விட்டிருக்கோம்."

பஞ்சநதம் சார் அறிக்கையைத் திரும்ப வாங்கி அந்த ஐந்து பெயரையும் தானே எண்ணிப் பார்த்தார். சாயங்காலம் திருத்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அப்பாடா என்று நினைத்தேன். கபீர்தான் தலையை ஆட்டினார். பிராது வந்த பிறகு எழுதிய கடிதத்தை யார் மதிப்பார்கள், அப்போதே எழுதினது ஏதாவது வேண்டும் என்றார்.

அப்போதே எழுதினது ஒன்று இருந்தது. எங்கள் குழுவின் டாக்டர் அகிலாண்டத்தின் நோட்டு.

கொக்கிப்புழு ஆய்வு அவருடையது. புழு எந்த வயலில் காலில் ஏறுகிறது, இரத்தம் எவ்வளவு குறைகிறது, பிரசவம் எப்படி ஆகிறது என்று வீடு வீடாகப் போய்க் கேட்டார். யார் வயல் என்று அவருக்குக் கவலையில்லை. நீ எந்த வயலில் நிற்கிறாய், எத்தனை நாள் நிற்கிறாய், ஏன் நிற்கிறாய் என்பதுதான் அவர் கேள்வி. பதில்களை அவரவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்வார். கண்ணுசாமியின் மனைவி அம்சம் சொன்னதும் அதில் இருந்தது.

நான் கேட்டதும் டாக்டர் பீரோச் சாவியை இடுப்பில் இன்னும் நன்றாகச் செருகிக்கொண்டார். உடம்பைப் பற்றிச் சொன்னதை அடுத்தவருக்குக் காட்ட மாட்டேன் என்று சத்தியம் செய்துதான் அதை வாங்கினேன் என்றார். "அந்தப் பொண்ணு சொன்னா திறக்கிறேன் மதுரம். நீ தலைகீழா நின்னாலும் திறக்க மாட்டேன்."

மறுநாளே இரண்டு பேரும் வடகுடிக்குப் போனோம். அம்சம் நாற்றங்காலில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தார். மெலிந்த தேகம், அதிகம் போனால் முப்பது வயது. டாக்டர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் குந்தி, எல்லாவற்றையும் பொறுமையாக எடுத்துச் சொன்னார். நோட்டு விசாரணையில் படிக்கப்படும், ஊரே கேட்கும், வேண்டாமென்றால் வேண்டாம் என்றார். அம்சம் கையிலிருந்த நாற்றை முடிச்சுப் போட்டார். வேர்ச் சேற்றைத் தண்ணீரில் அலசினார்.

"ஐயாவும் வருவாருங்களா?"

வருவார் என்றார் டாக்டர்.

"அப்ப படிங்க" என்றார் அம்சம்.

விசாரணை வடகுடிப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. பதிவு அதிகாரி வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கல்யாணமும் அவருடைய வக்கீலும் பெஞ்சில். வாசலிலும் ஜன்னலிலும் ஜனம். கண்ணுசாமி சுவரோரம் நின்றார், அம்சம் வாசல் பக்கம்.

நான் முதலில் சொன்னேன். அந்தப் பெயர் நான் எழுதினது, கேட்க வேண்டியதைக் கேட்காமல் எழுதினது, தப்பு என்னுடையது என்றேன். வக்கீல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். இந்தத் தப்பை எப்போது கண்டுபிடித்தீர்கள்? மனு வந்த பிறகு என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். அச்சில் வந்த அறிக்கை போன வருஷத்தது, கடிதம் போன வாரத்தது, நான் எதை எடுத்துக்கொள்வது என்று அதிகாரி என்னையே கேட்டார். நியாயமான கேள்விதான். அதனால்தான் எரிச்சலாக வந்தது.

நான் பெஞ்சைத் தாண்டி என் இடத்துக்குத் திரும்பும்போது கல்யாணம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "நம்மாத்துப் பொண்ணுன்னு ஜீப்பை நிறுத்திக் காபி குடுத்தேனே அம்மா." அவர் குரலில் கோபம்கூட இல்லை, வருத்தம்தான் இருந்தது. அது என்னை இன்னும் சுட்டது.

பிறகு டாக்டர் எழுந்து நோட்டை மேஜையில் வைத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி இருந்தது. அறுபத்தொன்பது தை மாதம். பதிவுச் சட்டம் வந்ததே அதற்கப்புறம்தான். வக்கீல் எழுந்தார், தேதியைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரி சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்.

"அம்சம், கணவர் கண்ணுசாமி. இரத்தச் சத்து நாலு கிராம். முதல் பிரசவம், அறுபத்தாறு புரட்டாசி, எட்டாம் மாதம், குழந்தை இறந்து பிறந்தது. அந்த வாரம் என்ன வேலை? பதினேழாம் வயலில் நடவு. ஏன் வீட்டில் இருக்கவில்லை? கூலி வேலை என்றால் போகாமல் இருந்திருப்பேன். குத்தகை வயல். ஆள் வைக்க வழியில்லை. நாங்கள் நடாவிட்டால் யார் நடுவார்கள்."

அவர் பக்கத்தைத் திருப்பினார். குரல் கொஞ்சம் இறங்கியது. "இரண்டாவது, அறுபத்தேழு ஐப்பசி. அதே வயல், களையெடுப்பு. குழந்தை ஒரு மணி நேரம் உயிரோடு இருந்தது. மறுநாள் என்ன வேலை? அதே வயல். தண்ணீர் முறை நாங்கள்தான் பார்க்க வேண்டும்..."

அங்கே நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். போதும், மிச்சத்தை நானே மனதுக்குள் படித்துக்கொள்கிறேன் என்றார்.

"மூணாவதையும் படிங்க ஐயா" என்றார் அம்சம், வாசலிலிருந்தே. "அதுவும் அந்த வயல்லதான்."

அவர் படித்தார். அறுபத்தெட்டு ஐப்பசி. கல்யாணம் தலை நிமிரவில்லை. அவர் வீட்டு முற்றத்தில் குத்தகை நெல் அளந்த மூன்று வருஷமும் அந்த நோட்டில் இருந்தது, அளந்தவர்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதோடு. தனக்குத் தெரியாது என்று யாரிடமோ சொல்வது போல அவர் உதடு அசைந்தது. நிஜமாகவே தெரியாமல் இருந்திருக்கலாம். அவரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அதிகாரி வக்கீலைக் கேட்டார். இல்லை என்றார் வக்கீல். அதிகாரி படிவத்தை இழுத்து எழுத ஆரம்பித்தார். வயல் எண் பதினேழு. குத்தகைதாரர் பெயர், கண்ணுசாமி.

கண்ணுசாமி சுவரோடு சரிந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அழுகிற நேரத்தில்கூட இந்தக் கோபம் சும்மா இருக்கிறதா? நான் மேஜைப் பக்கம் போய், அம்சம் பெயரையும் சேர்த்து எழுதுங்கள் என்றேன். அதற்குப் படிவத்தில் இடமில்லை, ஒரே வரிதான் என்றார் அதிகாரி. இத்தனை நேரம் படித்த சாட்சி யாருடைய உடம்பு என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன். பஞ்சநதம் சார் பயந்தாரே, அவர் பயந்த மாதிரியே ஒரு பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தேன்.

யாரோ பின்னாலிருந்து என் முழங்கையைப் பிடித்தார்கள். சேறு காய்ந்த கை. அம்சம்.

"விடுங்கம்மா. எம் புள்ளைங்க மூணுக்கும் பேரே வைக்கல. இவரு பேராவது ஒரு எடத்துல ஏறட்டும்."

நான் வாயை மூடிக்கொண்டு நகர்ந்து நின்றேன். அதிகாரி கையெழுத்துப் போட்டு, மை காயட்டும் என்று தாளைத் திருப்பாமல் அப்படியே வைத்திருந்தார்.