சோபாவுக்கடியில் போன மணி

என் தம்பிக்கு உட்காருமுன் பார்க்கும் பழக்கமே கிடையாது. அன்று காலை பொத்தென்று சோபாவில் விழுந்தான். என் ஏழு வயது மகள் வீடே அதிரக் கத்தினாள்.

“ஐயோ மாமா! என் அபாகஸ் மேல உக்காந்துட்டீங்க!”

சோபாவில் ஒன்றுமே இல்லை. அவளுடையது மனசு அபாகஸ். மூன்று மாதம் மரச்சட்டத்தில் மணி தள்ளிப் பழகிய பிறகு, அபாகஸ் வகுப்பு டீச்சர் சட்டத்தை வாங்கி வைத்துக்கொண்டு, “முன்னால இருக்கறதா நினைச்சு விரலை அசை” என்பார். மற்ற குழந்தைகள் நினைத்ததோடு விட்டார்கள். இவளோ சாப்பிடும்போது அதைச் சோபாவிலும் குளிக்கும்போது ஜன்னலிலும் பத்திரமாக வைப்பாள்.

அன்று மாலை நான்கு மணிக்கு அபாகஸ் தேர்வு. தேறாவிட்டால் மறுபடியும் நாலு வயதுப் பொடிசுகளோடு முதல் நிலையிலிருந்து படிக்க வேண்டும். அந்தப் பயத்திலேயே ஒரு வாரமாக அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பழுது என்று காதில் விழுந்தால் மனிதர் சும்மா இருக்கமாட்டார். டூல்ஸ் பையோடு சோபா முன் மண்டியிட்டார்.

“எந்தக் கம்பிம்மா?”

“பத்துகள் கம்பிப்பா. கீழ் மணி நாலும் இருக்கு. மேல் மணியைக் காணோம்.”

“ஒரு மணிதானே?”

“அந்த ஒண்ணே அம்பதுப்பா! அது இல்லாட்டி நாப்பத்தொம்பதோட நின்னுடும்.”

அவர் முகம் வெளிறிவிட்டது. அடுத்த நிமிடம் இரண்டு ஆண்களும் டார்ச்சும் கையுமாகச் சோபாவுக்கடியில் குப்புறக் கிடந்தார்கள்.

“கிடைச்சாச்சு!” என்று தம்பி கையை நீட்டினான்.

மகள் குனிந்து பார்த்தாள். “மாமா, அது தூசி.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இல்லாத அபாகஸ், அதுல இல்லாத மணி! அதைத் தேட ரெண்டு தடிமாடுங்க! ஏண்டி, வேற ஒண்ணு நினைச்சுக்கயேன்.”

“பழகினதுதான்மா கைக்கு வரும்” என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

மணி கிடைக்காமலே தேர்வுக்குக் கிளம்பினோம். தேர்வறையில் பெற்றவர்களுக்கு வாசலோடு சரி. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேர்வாளர் சொல்லச் சொல்ல அவள் கட்டைவிரல் கீழ் மணிகளை ஏற்றியது, ஆள்காட்டி விரல் மேல் மணியை இறக்கியது. சின்னக் கணக்கெல்லாம் சரசரவென்று முடிந்தது.

“கடைசிக் கணக்கு. முப்பதோட இருபது.”

ஆள்காட்டி விரல் பத்துகள் கம்பிக்கு மேலே போய் அப்படியே நின்றுவிட்டது. அவள் உதடு பிதுங்கியது.

“இன்னும் அரை நிமிஷம்தான்” என்றார் தேர்வாளர்.

பெற்ற வயிறு கேட்குமா? கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

“பெரியவங்க உள்ள வரக்கூடாதும்மா.”

“அபாகஸ் பழுது சார். ஒரு மணி மாத்தணும்.”

அவர் எழுந்து வந்து மேசைமேல் எட்டிப் பார்த்தார். “அடடா” என்றார். “சரி, மாத்துங்க. கணக்கைத் தொடக்கூடாது.”

வெட்கம் பிடுங்கித் தின்ன, காற்றிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவள் கம்பியில் கோத்து ஆட்டிப் பார்த்தாள்.

“அம்மா, லூசா இருக்கு.”

குனிந்து பார்த்தேன். லூசாகத்தான் இருந்தது. அதை வாங்கிக்கொண்டு வேறொன்று பொறுக்கிக் கொடுத்தேன். டக்கென்று இறங்கியது.

“அம்பது!” என்றாள்.

லூசானதை எங்கே போடுவதென்று தெரியாமல், கைக்குள்ளேயே மூடிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.